பந்தல் பிரித்த பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி:

மேடம், வணக்கம். பாளையங்கோட்டையில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் மாநில மாநாட்டை நடத்தும் பொறுப்பு முதல்முறையாக எங்கள் கிளைக்கு வந்திருக்கிறது. வருகிற ஜனவரி கடைசியில் இரண்டு நாள். 800 பேர் வருவார்கள், கண்காட்சியில் 60 ஸ்டால் போடுகிறோம். ஊருக்கு நிலையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் சொன்னேன். 1000 மரக்கன்று நடலாம் என்றார் ஒருவர். மேடையில் பத்து தையல் மெஷின் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். "முதலில் நஷ்டமில்லாமல் மாநாடு முடியட்டும், மிச்சம் இருந்தால் பார்ப்போம்" என்கிறார் பொருளாளர். "லாட்ஜ், ஆட்டோ, அல்வாக் கடை எல்லாருக்கும் வியாபாரம் ஆகுதே, அது போதாதா?" என்றும் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற ஒரு கிளை உண்மையில் என்ன செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்:

வணக்கம் அண்ணாச்சி. ஜனவரி மாநாட்டுக்கு இப்போதே இதைக் கேட்டது ரொம்ப நல்லது. பெரும்பாலும் அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற வாரத்தில்தான் "சமூகப் பணி ஏதாவது சேர்க்கணுமே" என்று எனக்கு போன் வரும். அந்த நேரத்தில் மேடையில் எதையாவது எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு எதற்கும் அவகாசம் இருக்காது. உங்கள் கையில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதுதான் உங்களுடைய பெரிய பலம்.

வியாபாரம் ஆகிறதே என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 800 பேர் இரண்டு ராத்திரி தங்கினால் லாட்ஜ்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் வருமானம்தான். அல்வா வாங்காமல் யாரும் ரயில் ஏறப்போவதில்லை. ஆனால் உங்கள் பட்ஜெட் தாளை எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே அந்தப் பணம் எந்த ஊருக்குப் போகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். மேடை அமைப்பு, எல்.இ.டி. திரை, சவுண்டு எல்லாம் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும். மாநாட்டுப் பை மொத்தமாக வெளியூரில் தைத்தது. தண்ணீர் பாட்டில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியுடையது. நினைவுப் பரிசு ஆன்லைனில் வாங்கியது. கடைசியில் மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும்தான் ஊரில் நிற்கும், அதுவும் ஏற்கெனவே நன்றாக நடக்கிற இரண்டு மூன்று பேர் கையில். இரண்டு நாள் வியாபாரம் மூன்றாம் நாள் முடிந்துவிடும். கடைக்காரருக்கு அது ஒரு நல்ல முகூர்த்த நாள் மாதிரி, அவ்வளவுதான்.

மரக்கன்று யோசனையை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் மாதம் சரியில்லை. நம் சீமைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. தை பிறந்தால் ஓய்ந்துவிடும். ஜனவரி கடைசியில் நடும் கன்று வேர் பிடிப்பதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். அடுத்த புரட்டாசி வரைக்கும் 1000 கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? ஆள் போட்டு, லாரித் தண்ணீர் வாங்கி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி கட்டி எட்டு மாதம் காப்பாற்ற முடியும் என்றால் நடுங்கள். முடியாதென்றால் அந்தக் கன்றுகளைப் படத்துக்காக நட வேண்டாம். தையல் மெஷினும் அப்படித்தான். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அப்புறம் துணி வேண்டும், ஆர்டர் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். இதில் எதிலும் உங்கள் 800 பேரால் உதவ முடியாது, ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த தொழில் தையல் இல்லை.

உங்களுக்குத் தெரிந்தது கட்டடம். நான் சொல்ல வருவதே இதுதான். உங்கள் பிரதிநிதிகள் கொண்டு வருகிற பணத்தைவிட அவர்கள் கொண்டு வருகிற தொழிலறிவு பெரிது. தமிழ்நாடு முழுக்க அஸ்திவாரமும் தூணும் போட்டு அனுபவப்பட்ட 800 பேர் ஒரே இடத்தில் இரண்டு நாள் கூடுகிறார்கள். நம் ஊர் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்ட முடியாது. மாநாடு விட்டுப்போவது அந்த அறிவிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று, அதைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள இந்த ஊரிலேயே பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள், ஓர் அலுவலகம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நிற்காது.

நம் தமிழ் மாநாடுகளையே பாருங்கள். 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித்தான் மெரினாவில் சிலைகள் வந்தன. அவற்றில் கால்டுவெல்லும் வ.உ.சி.யும் நம் சீமையோடு சேர்ந்தவர்கள், பார்க்கும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த மாநாட்டின் தொடர்ச்சியாக 1970-ல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவானது. இன்றும் அங்கே மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள், புத்தகங்கள் வெளிவருகின்றன. 1981 மதுரை மாநாட்டில் உலகத் தமிழ்ச் சங்கம் அறிவிக்கப்பட்டது, அதற்கு மதுரையில் கட்டடம் திறந்தது 2016-ல். மேடையில் அறிவித்ததற்கும் கதவு திறந்ததற்கும் நடுவே 35 வருடம். அரசாங்கம் நடத்திய மாநாட்டுக்கே இந்தக் கதி என்றால், நம் சங்கங்கள் மேடையில் வாசிக்கிற தீர்மானங்கள் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று யோசியுங்கள். சிட்னி, கோபன்ஹேகன் போன்ற நகரங்களில் மாநாடுகளை ஊருக்கு வரவழைக்கும் அமைப்புகளே இதைத் தனி வேலையாக எடுத்துச் செய்கின்றன. மாநாட்டுக்கு முன்பே உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து, இந்த ஊரில் என்ன மாற வேண்டும், அதை யார் தொடர்வார்கள் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இதற்குத் தனி ஆட்கள் உண்டு. நமக்கு உங்கள் செயற்குழுதான்.

சரி, என்ன செய்யலாம்? அரங்குக்கு வெளியே ஒரு வேலை, அரங்குக்குள்ளே ஒரு வேலை என்று இரண்டைச் சொல்கிறேன்.

வெளியே செய்ய வேண்டியது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரைபட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தை உங்கள் வாடிக்கையாளர்கள் வாரியத்துக்குக் கட்டுகிறார்கள். 1994-லிருந்து வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கு என்று உதவிகள் இருக்கின்றன. ஆனால் பதிவு அட்டை இல்லாதவருக்கு இதில் பெரும்பாலான உதவிகள் கிடையாது. உங்கள் உறுப்பினர்கள் சைட்டில் இன்றைக்கு வேலை பார்க்கிற கொத்தனார், நிமிந்தாள், சித்தாள், கம்பி கட்டுகிறவர், பெயின்டர், சென்ட்ரிங் ஆட்கள் இவர்களில் எத்தனை பேரிடம் செல்லுபடியாகும் அட்டை இருக்கிறது என்று ஒரே ஒருநாள் கேட்டுப் பாருங்கள். முக்கியமாகச் சித்தாள் வேலைக்கு வரும் பெண்களிடம் கேளுங்கள். இளவயதிலேயே சாந்துச் சட்டி தூக்க வந்து, மேஸ்திரி பெயரைத் தவிர வேறு எந்தத் தாளிலும் தன் வேலை பதிவாகாமலே வயதாகிப்போகிற பெண்கள் நம் ஊரில் நிறைய. 60 முடிந்துவிட்டால் அப்புறம் புதிதாகச் சேரவும் முடியாது. அதனால் 50 தாண்டியவர்களை முதல் வரிசையில் வையுங்கள்.

பதிவு ஏன் நடப்பதில்லை என்றால், யாருக்கும் விருப்பமில்லாமல் இல்லை. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து. ஆதாரோடு சேர்த்த போன் நம்பர் மாறிப்போயிருக்கும், ஓ.டி.பி. வேறு யாருக்கோ போகும். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். கட்டுமான வேலைதான் செய்கிறார் என்பதற்குச் சான்று வேண்டும். ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஒரு நாள் கூலியை விட வேண்டும். கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் போய் நின்று, "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர் இரண்டாம் முறை போகமாட்டார். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோய், அட்டை இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

ஆக உங்கள் கிளை செய்ய வேண்டியது மேடையில் அட்டை வழங்கும் விழா இல்லை. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிகிற ஆறு மணிக்கு மேல், சைட்டுக்கே போய்ப் பதிவு செய்வது. ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர், படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடி நிற்கிற முக்குகளிலும் ஒருநாள் மேசை போடலாம். வேலைச் சான்றுக்கு உங்கள் உறுப்பினர்களே உதவ முடியும், அந்த ஆட்கள் அவர்கள் சைட்டில்தானே நிற்கிறார்கள்! தொடங்கும் முன் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்கு நேரில் போய், எந்த ஆவணம் எந்த வடிவத்தில் வேண்டும், எதனால் விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களுக்கும் சரியாக நிரப்பிய விண்ணப்பம் வந்தால் வேலை மிச்சம். தொழிற்சங்கங்கள் இதை ரொம்ப காலமாகச் செய்துவருகின்றன, அவர்களை ஒதுக்கிவிட்டுச் செய்யாதீர்கள். உங்களைவிட அவர்களுக்கு நுணுக்கம் தெரியும்.

மாநாட்டில் பங்கேற்க வரும் கம்பெனிகளுக்கும் இதில் ஓர் இடம் கொடுக்கலாம். தாழையூத்து சங்கர் நகரில் 1949-லேயே சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கிய சீமை இது. சிமென்ட், டைல்ஸ், வாட்டர்புரூஃபிங் கம்பெனிகள் ஸ்டால் போட்டால் பொறியாளர்களைத்தான் குறிவைப்பார்கள். ஸ்டால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இரண்டாம் நாள் மதியம் கண்காட்சி கொத்தனார்களுக்கும் சித்தாட்களுக்கும் மட்டும் திறந்திருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் கையில் செய்துகாட்டும் பயிற்சி ஒன்று தர வேண்டும், வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைச் சங்கமும் கம்பெனியும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். கூலி கொடுக்காமல் கூப்பிட்டால் மேஸ்திரிகள் மட்டும் வருவார்கள், சித்தாட்கள் வரமாட்டார்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட கவர் பிளாக் ஏன் வைக்க வேண்டும், கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டில் தூசி அதிகமானால் என்ன ஆகும், நம் ஊர் வெயிலில் கான்கிரீட்டைப் பத்து நாளாவது, கலப்பு சிமென்ட் என்றால் பதினான்கு நாளாவது நனைத்தே வைக்க வேண்டியது ஏன் என்று அவர்கள் கையாலேயே செய்துபார்க்கட்டும். தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-ல் தடை போட்ட பிறகு இங்கே எம்-சாண்டில் வேலை செய்து பழகியவர்கள்தான் எல்லாரும். ஆனால் ஆற்று மணலுக்குப் போட்ட தண்ணீர்க் கணக்கை அப்படியே போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று உங்கள் ஆட்களே என்னிடம் சொல்கிறார்கள்.

அரங்குக்குள்ளே செய்ய வேண்டியது வெள்ளத்தைப் பற்றியது. இதில் எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி சந்திப்பு, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. சாப்பாடும் துணியும் அரிசியும் எங்கெங்கிருந்தோ வந்தன, ஊர் உலகம் உதவியது. ஆனால் தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை: "இந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கே, இன்னிக்கு ராத்திரி பிள்ளைகளை இதுக்குள்ள படுக்க வைக்கலாமா?" நிவாரணக் கணக்கெடுக்க வருகிற கிராம நிர்வாக அலுவலரால் அதைச் சொல்ல முடியாது. அது அவர் வேலையும் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீட்டில் வெளிப்பூச்சு காய்ந்துபோய் நன்றாகத் தெரியும், உள்ளே அடிச்சுவர் ஊறிப்போயிருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், பூச்சில் மட்டும் விழும் மயிரிழை விரிசலும் ஒன்றில்லை. அஸ்திவாரத்தை ஒட்டி மண் அரித்துப்போயிருந்தால், வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. செப்டிக் டேங்க் மூடி, ஈரம் ஏறிய சுவிட்ச் போர்டு, கழிவுநீர் கலந்த சம்ப் என்று உயிருக்கு ஆபத்தான விஷயங்கள் வேறு. அனுபவப்பட்ட பொறியாளர் ஒரு வீட்டைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்து, "தாராளமாக இருக்கலாம்", "இந்த அறையை மட்டும் விட்டுவிடுங்கள்", "உடனே வெளியே வாருங்கள்" என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட முடியும். நிலநடுக்கம் வரும் கலிபோர்னியாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை ஒட்டி இப்படித்தான் வீடுகளைப் பிரிக்கிறார்கள். நமக்கு நம் வீடுகளுக்கும் நம் மண்ணுக்கும் ஏற்ற மாதிரி ஒன்று வேண்டும்.

உங்கள் நிகழ்ச்சி நிரலில் எப்படியும் தொழில்நுட்ப அமர்வுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள், இரண்டு மணி நேரம். 1981-லிருந்து நடக்கும் நம் அரசு பொறியியல் கல்லூரியின் கட்டடப் பொறியியல் துறையிடம் முன்கூட்டியே பேசி, தமிழில் இரண்டே பக்கத்தில் ஒரு சரிபார்ப்புத் தாள் தயாரிக்கச் சொல்லுங்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடிப் பொறியாளர்கள் வெள்ளம் பார்த்தவர்கள். அவர்கள் அந்த அமர்வில் தாளை அலசித் திருத்தட்டும். அங்கேயே திருநெல்வேலி உறுப்பினர்களில் விருப்பமுள்ளவர்கள், வார்டு வாரியாகத் தங்கள் பெயரைக் கொடுக்கட்டும். 40 பேர் கிடைத்தாலும் போதும். அந்தப் பட்டியலும் தாளும் மாநகராட்சியிலும், 1077 அழைப்பு போய்ச் சேர்கிற ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன், உங்கள் கிளைச் செயலாளர் அந்தப் பெயர்களுக்கு ஒருமுறை போன் போட்டு, இருக்கிறார்களா, நம்பர் மாறியிருக்கிறதா என்று சரிபார்த்துப் புதுப் பட்டியல் கொடுக்க வேண்டும். யார் செயலாளராக வந்தாலும் இது அவர் கடமை என்று கிளை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆட்கள் சொல்வது வீட்டுக்காரருக்கான ஆலோசனைதான், நிவாரணத்துக்கான சேதச் சான்று அல்ல என்று தாளின் தலைப்பிலேயே பெரிதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் சண்டை உங்கள் வாசலுக்கு வரும். அதே வீட்டைப் பழுது பார்க்கும் ஒப்பந்தத்தை, பார்வையிட்ட பொறியாளரே எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும். மக்கள் நம்பினால்தான் கதவைத் திறப்பார்கள்.

வாங்குகிற பொருட்களுக்கு வருகிறேன். மாநாட்டுப் பைக்குப் பதில் பத்தமடைக் கோரைப்பாயில் கோப்புறை செய்யலாம். நீங்களும் நினைத்திருப்பீர்கள். நல்லதுதான், ஆனால் நவம்பரில் போய் 800 கேட்காதீர்கள். அவ்வளவு அவசரத்தில் கேட்டால் இடையில் இருக்கிற வியாபாரிதான் எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுப்பார், நெய்கிற பெண்களுக்கு அவசரமும் குறைந்த கூலியும்தான் மிஞ்சும். பட்டுப்பாய் என்கிற மெல்லிய ரகம் பேச்சாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மட்டும் போதும். ஒரு பாய்க்கே பல வாரம் ஆகும், கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுக் கீறி எடுக்கிற வேலை அது. மற்றவர்களுக்குச் சாதாரண ரகத்தில் கேளுங்கள். இந்த மாதமே நேரில் போய், நெய்கிறவர்களிடமே பேசி, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்து, மாதாமாதம் கொஞ்சமாக வாங்கி வையுங்கள். கோப்புறைக்குள் நெய்தவர்களோடு தொடர்புகொள்ள ஒரு சீட்டு இருக்கட்டும். 800 பொறியாளர்களில் 20 பேர் தாங்கள் கட்டுகிற வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ பின்னால் பாய் கேட்டு போன் செய்தால், உங்கள் ஆர்டரைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிது. காருக்குறிச்சி மண்பானையில் குடிநீர் வைப்பதும் அப்படியே.

சாப்பாட்டில், மதிய விருந்தைப் பழகின சமையல்காரரிடமே விடுங்கள். சொதி வைக்கத் தெரிந்தவரிடம் சொதி கேளுங்கள், வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போயும் அதைப் பற்றியே பேசுவார்கள். காலை, மாலைப் பலகாரத்தையும் கருப்பட்டிக் காப்பியையும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்குக் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இல்லையென்றால் இப்போதே எடுக்க உதவுங்கள். அந்தப் பதிவு கையில் இருந்தால் அடுத்த மாநாட்டுக்காரரிடமும் அவர்கள் தைரியமாக விலை சொல்லலாம். பணத்தை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பெரிய கேட்டரிங்காரர் இரண்டு மாதம் பொறுப்பார், வட்டிக்கு வாங்கி மளிகை போட்ட குழு பொறுக்க முடியாது.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாக: உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் முன்கூட்டியே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. பிரிக்காமல் கொட்டினால் எல்லாம் ராமையன்பட்டிக் கிடங்குக்குத்தான் போகும், அங்கே அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகையோடு வாழ்கிறார்கள். இலையும் மிச்சச் சோறும் தனியே உரத்துக்குப் போகட்டும். ஃபிளக்ஸ் வேண்டாம். அந்த இரண்டு நாள் கூடுதலாக வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கூலியும், பிரதிநிதிகளுக்குப் போடும் அதே சாப்பாடும் கொடுங்கள்.

இப்போது பொருளாளர் அண்ணாச்சியிடம். "மிச்சம் இருந்தால் பார்ப்போம்" என்று அவர் சொல்வதில் பொறுப்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் மிச்சத்தை நம்பி வைத்த வேலை நடந்து நான் பார்த்ததில்லை. கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு செலவு வந்து அதை விழுங்கிவிடும். பதிவுக் கட்டணத்திலேயே ஆளுக்கு 100 ரூபாய் இதற்கென்று சேர்த்து, ரசீதில் தனியே காட்டுங்கள். 800 பேருக்கு 80,000 ரூபாய். ஸ்டாலுக்கு 1000 ரூபாய் என்றால் இன்னொரு 60,000. இந்த 1,40,000 ரூபாயை முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மாணவர்களுக்குப் படி, ஸ்கேனர், பயணச் செலவு, பயிற்சிக்கு வருகிறவர்களின் கூலியில் உங்கள் பங்கு என்று பார்த்தால் சிக்கனமாக நடத்த இது போதும். மாநாட்டில் நஷ்டம் வந்தாலும் இதில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள்.

கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் கேட்டு மாநாட்டுச் செலவுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லலாம். அதைத் தொடாதீர்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சரி. ஆனால் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிகளும் விளம்பர ஸ்பான்சர்களும் அந்தக் கணக்கில் வராது என்று மத்திய அரசு 2014-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது. தொழிலாளர் பயிற்சியை வருடம் முழுக்க நடத்துவதாக இருந்தால், மாநாட்டிலிருந்து பிரித்து, தகுதியுள்ள ஓர் அமைப்பின் வழியாகத் தனியே கேளுங்கள். பேட்டை ஐ.டி.ஐ.யிடம் இடமும் ஆசிரியர்களும் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு எடுக்கும்போது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படிவம் நிரப்பினோம் என்று நிறுத்திவிடாதீர்கள். மாநாடு முடிந்து ஆறாம் மாதம், எத்தனை பேர் கையில் அட்டை வந்தது, எத்தனை விண்ணப்பம் திரும்பியது, எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கிடைத்தது என்று பாருங்கள். திரும்பியவற்றைத் திரும்பப் போடுவதுதான் உண்மையான வேலை, அதற்கு மாநாட்டு உற்சாகம் எல்லாம் வடிந்த பிறகும் உட்கார ஆள் வேண்டும். அந்தக் கணக்கை அடுத்த மாநில மாநாட்டில் பத்து நிமிடம் வாங்கி வாசியுங்கள், சரியாக வராததையும் சேர்த்து. நடத்தப்போகிற ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாநாட்டில் செய்ய முடியாவிட்டால் பதிவு வேலையையும் வெள்ள அமர்வையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பாய், பலகாரம், பயிற்சி எல்லாம் முடிந்த அளவுக்கு. இந்த மாதக் கூட்டத்திலேயே பதிவுக்கு ஒருவர், வெள்ளப் பட்டியலுக்கு ஒருவர், தனிக் கணக்குக்கு ஒருவர் என்று மூன்று பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வரவேற்புக் குழு, மேடைக் குழு வேலையில் இருக்கிறவர்களை இதற்குப் போட வேண்டாம், அவர்களுக்கு ஜனவரியில் மூச்சுவிட நேரம் இருக்காது. சரிபார்ப்புத் தாளின் முதல் வரைவு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் அண்ணாச்சி. பொறியியல் படிக்காத ஒருத்திக்குப் புரிகிறதா என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.